600 கணுக்கள், ஒருவழி அம்புகள்: ஆழம் முதல் தேடலா, டைனமிக் புரோகிராமிங்கா?

கேள்வி: 2025 ஜனவரி 6, திங்கள், காலை 9.12

ஒரு புதிர். சுமார் 600 கணுக்கள்; ஒவ்வொன்றிலிருந்தும் சில கணுக்களுக்கு ஒருவழி அம்புகள். தொடக்கக் கணுவிலிருந்து முடிவுக் கணுவுக்கு மொத்தம் எத்தனை வழிகள் என்று எண்ண வேண்டும். பைத்தானில் ஆழம் முதல் தேடல் (ஒரு வழியில் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அடுத்த வழியை எடுப்பது) எழுதினேன். பத்துக் கணுக்கள் கொண்ட மாதிரிக்கு விடை சரியாக வருகிறது. முழு உள்ளீட்டைக் கொடுத்து ஓடவிட்டுவிட்டு நேற்று இரவு தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு டைனமிக் புரோகிராமிங் படித்துவிட்டு வர வேண்டுமா? இரண்டாம் பகுதியில் ப, ம என்ற இரண்டு கணுக்களையும் தொட்டுச் செல்லும் வழிகளை மட்டும் எண்ணச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் நான் இன்னும் போகவே இல்லை.

ஜனவரி 6, காலை 9.50

தூக்கிப் போட வேண்டாம். எழுதியதில் இரண்டு வரி சேர்த்து, ஒருமுறை கண்ட விடையை மறக்காமல் வைத்துக்கொண்டால் அதுவே டைனமிக் புரோகிராமிங்தான்.

முதலில், ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று பாருங்கள். அ என்ற கணுவிலிருந்து ஆ, இ இரண்டுக்கும் அம்பு. அந்த இரண்டிலிருந்தும் ஈ-க்கு அம்பு. வரைந்தால் காற்றாடிப் பட்டம் போல இருக்கும். அ-விலிருந்து ஈ-க்கு இரண்டு வழிகள். ஈ-யின் வாலில் இன்னொரு பட்டத்தைக் கட்டினால் நான்கு வழிகள். இப்படி 60 பட்டங்களைச் சரமாகக் கோத்தால் 180 கணுக்கள், 240 அம்புகள்தான். ஒரு தாளில் வரைந்துவிடலாம். வழிகளோ 2-இன் அடுக்கு 60, அதாவது 1152921504606846976. நொடிக்கு 100 கோடி வழிகளை எண்ணும் கணினி கிடைத்தாலும் 36 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உங்கள் நிரல் ஒவ்வொரு வழியையும் கால்நடையாக நடந்து பார்க்கிறது. விடை பெரிய எண் என்றால் நடையும் அவ்வளவு நீளம்.

ஆனால் ஈ-யிலிருந்து முடிவுக்கு எத்தனை வழிகள் என்பதை ஒருமுறை கண்டுபிடித்தால் போதும். ஆ வழியாக வந்தாலும் இ வழியாக வந்தாலும் அந்த எண் மாறாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

வழிகள்(கணு):
    கணு முடிவு என்றால், விடை 1
    குறிப்பேட்டில் கணு இருந்தால், விடை அங்கே எழுதியிருப்பது
    மொத்தம் = 0
    கணுவிலிருந்து புறப்படும் ஒவ்வோர் அம்புக்கும்: மொத்தம் += வழிகள்(அம்பின் நுனி)
    குறிப்பேட்டில் கணுவுக்கு எதிரே மொத்தத்தை எழுது
    விடை மொத்தம்

இரண்டாம் வரியும் ஐந்தாம் வரியும்தான் புதிது. இப்போது ஒவ்வோர் அம்பையும் ஒரே ஒரு முறைதான் கடக்கிறோம். 36 ஆண்டுகள் 240 கூட்டல்களாகச் சுருங்கிவிட்டன.

ஜனவரி 6, காலை 10.05

சொல்ல மறந்தது: அம்புகளில் சுழல் (அம்புகள் வழியே போய்ப் புறப்பட்ட கணுவுக்கே திரும்பி வருவது) எதுவும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் மேலே எழுதியிருப்பது. சுழல் இருந்தால் வழியில் ஏற்கெனவே மிதித்த கணுக்களைக் குறித்துக்கொண்டு, திரும்பும்போது குறியை அழித்தால் போதும். குறிப்பேடு அப்படியே இருக்கட்டும்.

[ஜனவரி 8 திருத்தம்: இந்தக் குறிப்பின் இரண்டாம் பாதி தவறு. கீழே பார்க்கவும். அழிக்காமல் விட்டு வைக்கிறேன். என்னைப் போல் நினைப்பவர்கள் வேறு இருப்பார்கள்.]

ஜனவரி 6, இரவு 10.40

குறிப்பேடு சேர்த்தும் மெதுவாகத்தான் ஓடுகிறது என்று கேட்டவர் எழுதி, நிரலையும் காட்டியிருக்கிறார். பார்த்ததும் சிரிப்பு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே பிழை.

குறிப்பேட்டை 600 பூஜ்யங்களால் நிரப்பி வைத்து, "பூஜ்யம் இல்லை என்றால் ஏற்கெனவே கணக்கிட்டாயிற்று" என்று சோதிக்கிறார். முட்டுச்சந்தில் முடியும் கணுவின் உண்மையான விடையே பூஜ்யம்தானே. அதைக் கணக்கிட்டு, பூஜ்யம் என்று எழுதி வைத்த பிறகும், அடுத்த முறை வரும்போது "இன்னும் கணக்கிடவில்லை" என்று நினைத்து மறுபடி உள்ளே போகிறது. முடிவுக் கணுவை அடையவே முடியாத பகுதி பெரிதாக இருந்தால், அதற்குள் பழைய நடைப்பயணம் அப்படியே தொடரும். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மாதிரி உள்ளீட்டில் முட்டுச்சந்தே இல்லை என்பதால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர்கள் மீது எரிந்து விழுந்ததுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

-1 போட்டு நிரப்புங்கள். அல்லது பைத்தானின் அகராதியை வைத்து, கணு அதில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேளுங்கள்.

ஜனவரி 7, காலை 7.30

மேலே ஒருவர் "கையால் குறிப்பேடு எதற்கு, பைத்தானில் எல்ஆர்யூ கேஷ் என்று செயற்கூற்றின் தலையில் ஒரு வரி எழுதினால் போதுமே" என்கிறார். போதும், ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அளவு எதுவும் சொல்லாவிட்டால் அது கடைசியாகப் பயன்பட்ட 128 விடைகளை மட்டுமே வைத்திருக்கும். 600 கணுக்களுக்கு 128 இடம். எழுதுகிறது, அழிக்கிறது, மறுபடி கணக்கிடுகிறது. அளவுக்கு நேரே "இல்லை" என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். அல்லது 3.9 பதிப்பிலிருந்து கிடைக்கும் வெறும் கேஷ் என்பதைப் பயன்படுத்தலாம். அதற்கு வரம்பு இல்லை.

இந்த உத்திக்குக் கணினி ஆய்வாளர் டொனால்டு மிச்சி 1968-இல் வைத்த பெயர் மெமோ செயற்கூறு. அதிலிருந்துதான் மெமோய்சேஷன். மனப்பாடம் என்று பொருள்படும் மெமரைசேஷன் அல்ல, நடுவில் 'ர' கிடையாது. நான் படித்த முதல் பாடப்புத்தகத்தில் அதை அச்சுப்பிழை என்று நினைத்து, பேனாவால் பக்கத்துக்குப் பக்கம் 'ர' சேர்த்து வைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனவர் இன்றுவரை அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, பெருந்தன்மை.

ஜனவரி 7, இரவு 9.15

முதல் பகுதி ஓடிவிட்டதாம், கண் இமைக்கும் நேரத்தில். இப்போது இரண்டாம் பகுதி: ப, ம இரண்டையும் தொட வேண்டும்.

கேட்டவர் என்ன செய்தார் என்றால், செயற்கூற்றுக்கு "ப-வைப் பார்த்தாயா", "ம-வைப் பார்த்தாயா" என்று இரண்டு கொடிகளைக் கூடுதலாகக் கொடுத்தார். முடிவுக் கணுவில் இரண்டும் ஏறியிருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சரியான யோசனை. ஆனால் குறிப்பேட்டில் இன்னும் கணுவின் பெயரை மட்டும்தான் எழுதுகிறார். விடை தாறுமாறாக வருகிறது. அதைவிட மோசம், அம்புகளின் வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறது.

மாறத்தான் செய்யும். ஈ என்ற கணுவுக்கு முதலில் ப-வைத் தொட்டுவிட்டு வந்தவருக்கான விடையை எழுதி வைத்திருக்கிறோம். அடுத்து ப-வைத் தொடாமல் வந்தவருக்கும் அதே எண்ணை நீட்டுகிறோம். அவருடைய கணக்கே வேறு.

இந்த இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணுவில் வந்து நிற்கும்போது, இனி நடக்கப்போவதைத் தீர்மானிக்கும் எதையெல்லாம் கையில் சுமந்துகொண்டு நிற்கிறோம்? அது அத்தனையும் குறிப்பேட்டில் ஒவ்வொரு விடைக்கும் இடும் தலைப்பில் இருக்க வேண்டும். முதல் பகுதியில் கையில் ஒன்றும் இல்லை. கணுவின் பெயர் போதும். இப்போது இரண்டு கொடிகள். ஆகவே தலைப்பு (கணு, ப-கொடி, ம-கொடி). கொடிகளின் நிலைகள் நான்கு, கணுக்கள் 600, 2400 வரிகள். இன்னமும் சிறிய நோட்டுதான்.

"ஆழம் முதல் தேடலா, டைனமிக் புரோகிராமிங்கா" என்று தலைப்பில் கேட்டிருப்பது என்னைப் பொறுத்தவரை கேள்வியே இல்லை. ஒன்று நடக்கும் முறை. மற்றது நடந்ததை மறக்காமல் இருக்கும் முறை.

ஜனவரி 7, இரவு 9.40

கொடிகளே இல்லாமலும் செய்யலாம். தொடக்கத்திலிருந்து ப-வுக்கு எத்தனை, ப-விலிருந்து ம-வுக்கு எத்தனை, ம-விலிருந்து முடிவுக்கு எத்தனை; மூன்றையும் பெருக்குங்கள். பிறகு ம முதலில், ப அடுத்து என்ற வரிசைக்கும் அதே பெருக்கல். இரண்டையும் கூட்டினால் விடை.

ஜனவரி 7, இரவு 11.02

கூட்டுங்கள் என்று பெரிதாகச் சொன்னேன். சுழல் இல்லாத கோட்டுருவில் (கணுக்களும் அம்புகளும் சேர்ந்த படத்தில்) அந்த இரண்டு பெருக்கல்களில் ஒன்றாவது பூஜ்யமாகத்தான் இருக்கும். ப-விலிருந்து ம-வுக்கும் வழி, ம-விலிருந்து ப-வுக்கும் வழி என்றால் அதுவே ஒரு சுழல் ஆகிவிடுமே. கூட்டினால் தவறில்லை, கூட்டத் தேவையில்லை. இதை எனக்கு மேலே ஒருவர் ஒரே வரியில் சுட்டிக்காட்டிவிட்டார். பல் துலக்கிக்கொண்டே படித்தேன்.

ஜனவரி 8, மாலை 6.20

இப்போது 6-ஆம் தேதி காலை 10.05 குறிப்பு. அலுவலகத்திலிருந்து வரும் வழியில் யோசித்துக்கொண்டு வந்தேன், உளறியிருக்கிறேன்.

நான்கு கணுக்கள் போதும் அதைக் காட்ட. அ-விலிருந்து ஆ, இ. ஆ-விலிருந்து இ, ஈ. இ-யிலிருந்து ஆ, ஈ. முடிவு ஈ. ஒரு கணுவை இருமுறை மிதிக்கக் கூடாது என்றால் வழிகள் நான்கு: அ-ஆ-ஈ, அ-ஆ-இ-ஈ, அ-இ-ஈ, அ-இ-ஆ-ஈ.

நான் சொன்ன முறையில் ஓட்டுவோம். அ-விலிருந்து ஆ. ஆ-வைக் குறித்துக்கொண்டு இ. இ-யிலிருந்து ஆ-வுக்குப் போக முடியாது, அது குறிக்கப்பட்டிருக்கிறது. ஈ-க்கு ஒரு வழி. குறிப்பேட்டில் "இ: 1" என்று எழுதியாயிற்று. ஆ-வுக்கு மொத்தம் 2. இப்போது அ-விலிருந்து நேராக இ-க்கு வருகிறோம். குறிப்பேடு 1 என்கிறது. மொத்தம் 3. அ-இ-ஆ-ஈ காணாமல் போய்விட்டது.

காரணம் நேற்று எழுதியதுதான். "இ: 1" என்பது ஆ அடைபட்டிருந்தபோது கிடைத்த விடை. மிதித்த கணுக்களின் பட்டியலும் கையில் சுமக்கும் பொருள். அதைத் தலைப்பில் எழுதாமல் விட்டேன். அடுத்தவருக்கு உபதேசம் செய்வதற்கு முந்தைய நாளே அதை மீறியிருக்கிறேன்.

சரி, எழுதினால் என்ன? எழுதலாம். எந்தக் கணுக்களை மிதித்தோம் என்ற தொகுப்பு 2-இன் அடுக்கு கணுக்களின் எண்ணிக்கை அளவுக்கு வகைப்படும். 20 கணுக்கள் என்றால் தலைப்புகள் ஏறக்குறைய 2 கோடி, பொறுத்துக்கொள்ளலாம். 40 கணுக்கள் என்றால் தொகுப்புகள் மட்டுமே ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். எல்லா ஊர்களுக்கும் ஒருமுறை போய்வரும் விற்பனையாளர் புதிருக்கு ஹெல்டும் கார்ப்பும் 1962-இல் சொன்ன தீர்வு இதே வகைதான். சுழலுள்ள பொதுவான கோட்டுருவில் இப்படி எண்ணுவதற்கு எளிய குறுக்குவழி இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. எண்ணும் கணக்குகளிலேயே மிகக் கடினமான வகுப்பைச் சேர்ந்தது இது என்று 1979-இல் வாலியண்ட் காட்டிவிட்டார்.

ஜனவரி 8, இரவு 8.00

"குறியை எப்போது அழிப்பது, எப்போது விடுவது?" இதை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முடிவை அடைய முடியுமா என்று மட்டும் தெரிய வேண்டுமா? அழிக்காதீர்கள். ஒருமுறை தோற்ற இடத்துக்கு மறுபடி போய்ப் பயனில்லை. ஒவ்வொரு வழியையும் பட்டியலிட வேண்டுமா? திரும்பும்போது அழியுங்கள். சுழலற்ற கோட்டுருவில் எண்ணிக்கை மட்டும் வேண்டுமா? குறியே வேண்டாம், குறிப்பேடு வேண்டும்.

ஜனவரி 9, பகல் 1.10

ஒரு லட்சம் கணுக்கள் நீளமான ஒற்றைச் சங்கிலியாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார் ஒருவர். பைத்தான் கைவிரித்துவிடும். தன்னைத் தானே அழைக்கும் செயற்கூற்றுக்கு அங்கே வழக்கமான வரம்பு 1000 படிகள். வரம்பை உயர்த்தலாம். நான் உயர்த்தி, நிரல் ஒரு சொல்கூடப் பேசாமல் செத்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட, கான் 1962-இல் எழுதிய முறை இருக்கிறது. உள்ளே வரும் அம்பு ஒன்றும் இல்லாத கணுவை எடு, வரிசையில் வை, அதிலிருந்து புறப்படும் அம்புகளை அழி, மறுபடி தேடு. கணுக்கள் முன்பின் ஒழுங்கில் வந்து நிற்கும். பிறகு வரிசையின் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். உட்சென்று திரும்பும் வேலையே கிடையாது. கூடுதல் லாபம் ஒன்று: கணுக்கள் மீதி இருக்கும்போதே எடுக்கத்தக்க கணு தீர்ந்துபோனால் எங்கோ சுழல் இருக்கிறது என்று பொருள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இரவில் ஓடும் பணிகளுக்கு இப்படி ஒரு சார்புப் படம் இருந்தது. எது முடிந்த பிறகு எது. ஒரு நாள் யாரோ ஓர் அம்பைச் சேர்த்தார்கள். அறிக்கை தயாரிக்கும் பணி, தரவு இறக்கும் பணிக்காகக் காத்திருந்தது. தரவு இறக்கும் பணி, அறிக்கைக்காகக் காத்திருந்தது. காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பினார்கள். "யாரோ" என்று எழுதிவிட்டேன். அந்த அம்பு என்னுடையதுதான்.

அதே படத்தில் வழிகளை எண்ணாமல், ஒவ்வொரு கணுவிலும் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டு நேரத்தைக் கூட்டினால் மிக நீண்ட வழி கிடைக்கும். மொத்த வேலை எப்போது முடியும் என்பதற்கு அதுதான் விடை. 1958 வாக்கில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு உருவாக்கிய பெர்ட் என்ற திட்டமிடல் முறையின் நடுநரம்பு இந்தக் கணக்குதான். சுழல் இல்லாதவரை மிக நீண்ட வழியும் சுலபம். சுழல் வந்துவிட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகிவிடலாம்.

ஜனவரி 10, இரவு 11.45

வைகுண்ட ஏகாதசி. கண்விழிக்க வீட்டில் பரமபதம் விரித்திருக்கிறார்கள். நான்கு முறை பாம்பின் வாய்க்குள் போய் வெளியே உட்காரவைக்கப்பட்டேன். ஆகவே இங்கே.

இந்தப் பலகையே ஒரு திசைக் கோட்டுரு. ஏணிகள் மட்டும் இருந்தால் எல்லா அம்புகளும் முன்னோக்கித்தான், சுழலே வராது. ஏணியும் இல்லாத வெறும் கட்டங்களில், ஒன்று முதல் ஆறு வரை விழும் பகடையை வைத்து எண்ணினால், ஒரு கட்டத்தை அடையும் வழிகள் முந்தைய ஆறு கட்டங்களின் கூட்டுத்தொகை: 1, 2, 4, 8, 16, 32, பிறகு 63. ஏழாவதில் ஏன் 64 இல்லை என்று என் அக்கா மகள் கேட்டாள். ஒரே வீச்சில் ஏழு விழாது என்றேன். "அப்படியென்றால் தாயக்கட்டையில் விழுமா?" என்றாள். அதற்கு வேறு கணக்கு, தூங்கப் போ என்றேன்.

ஒரே ஒரு பாம்பைச் சேருங்கள், 20-இலிருந்து 5-க்கு. 5-இலிருந்து 20, மறுபடி 5. எத்தனை வழிகள் என்ற கேள்விக்கே இப்போது பொருள் இல்லை; எண்ணிக்கை முடிவிலி. குறைந்தது எத்தனை வீச்சு என்று கேட்டால் விடை உண்டு, ஆனால் அதற்கு அகலம் முதல் தேடல்தான் (ஒரு வீச்சில் எட்டும் கட்டங்கள் எல்லாம், பிறகு இரண்டு வீச்சில் எட்டுபவை எல்லாம் என்று விரிவது) பொருத்தம். சராசரியாக எத்தனை வீச்சு என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். வரிசை கிடையாது, முன்பின் கிடையாது. எல்லாம் எல்லாவற்றையும் நம்பி நிற்கிறது.

ஆனாலும் பாம்புப் பலகைக்கு ஒரு நல்ல குணம். 45-ஆம் கட்டத்தில் நிற்கும் காய், ஏணியில் ஏறி வந்ததா, நான்கு முறை அவமானப்பட்டு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கையில் ஒன்றும் கிடையாது.

ஜனவரி 11, காலை 8.05

இரவு எழுதியதன் கடைசிப் பத்தியில் தூக்கக் கலக்கம் தெரிகிறது. இருக்கட்டும்.

டைனமிக் என்ற சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார் ஒருவர். தேட வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் ரேண்ட் நிறுவனத்தில் இருந்த ரிச்சர்ட் பெல்மன், ஆராய்ச்சி என்ற சொல்லையே விரும்பாத ஓர் அமைச்சரின் கண்ணில் படாமல் இருக்க, தான் உருவாக்கிய இந்த முறைக்கு யாரும் குறை சொல்ல முடியாத பெயராகப் பார்த்து வைத்ததாக அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்கே புரோகிராமிங் என்றால் திட்டமிடல். நிரல் எழுதுவது அல்ல.

ஜனவரி 12, மாலை 4.30

கேட்டவருக்கு இரண்டாம் பகுதியும் வந்துவிட்டது. கொடி முறையிலும் பெருக்கல் முறையிலும் ஒரே எண். நண்பர் ஒருவர் அதையே ஜாவாவில் எழுதி எதிர்மறை எண் வருகிறது என்று கூப்பாடு போடுகிறாராம். 32 பிட் எண் வகையை வைத்திருப்பார்; எல்லையைத் தாண்டினால் அதில் எண் எதிர்மறைப் பக்கம் போய்விடும். 64 பிட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவும் 9223372036854775807 வரைதான். என் பட்டச் சரத்தில் 63-ஆவது பட்டத்தைக் கட்டியதும் அந்த வகையிலும் விடை எதிர்மறையாகிவிடும். 64-ஆவதைக் கட்டினால் சரியாக பூஜ்யம். குறிப்பேட்டில் பூஜ்யத்துக்கு "கணக்கிடவில்லை" என்று பொருள் வைத்திருப்பவர்கள் அதற்குப் பிறகு என்ன ஆவார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

பைத்தானில் முழு எண்களுக்கு இந்த வரம்பு இல்லை.

ஜனவரி 12, மாலை 4.55

பட்டம் என்றதும் முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 60 பட்டங்களுக்கு 180 கணுக்கள் என்று எழுதியிருக்கிறேன். 181. தொடக்கக் கணுவை எண்ண மறந்துவிட்டேன். ஆறு நாட்களாக யாரும் சொல்லவில்லை.